அப்பாவுக்கு சார்காய்டோசிஸ் என்றால் மகளுக்கும் வருமா?

சார்காய்டோசிஸ் என்ற பெயரை டாக்டர் சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "இது கேன்சரா?" அதற்குப் பதில், இல்லை. அடுத்தது, "வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?" அதற்கும் பதில், இல்லை. எல்லாம் பேசி முடித்து எழுந்த பிறகு, கதவுப் பிடியில் கை வைத்தபடி தயங்கித் தயங்கிக் கேட்கப்படுவது மூன்றாவது கேள்வி: "என் பிள்ளைகளுக்கும் இது வருமா?"

அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற பதில் இதற்குக் கிடையாது. அதற்காக "யாருக்குத் தெரியும்" என்று கையை விரிக்கவும் வேண்டியதில்லை. இந்த நோயின் மரபணுக்களைப் பற்றி நிறையவே தெரிந்திருக்கிறது. அதில் நோயாளிகளிடம் போய்ச் சேர வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிற ஒரு செய்தி உண்டு. நோய் வருமா வராதா என்பதைச் சொல்வதில் மரபணுக்கள் அவ்வளவு கெட்டியில்லை. வந்துவிட்டால் அது எந்த வழியில் போகும், சீக்கிரம் விலகுமா, தங்கிவிடுமா என்பதைச் சொல்வதில்தான் அவை கெட்டி.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம்.

நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சோடும் தூசி, பூஞ்சை வித்து, கிருமி என்று ஏதேதோ நுரையீரலுக்குள் போகிறது. அவற்றை விழுங்கி அழிப்பதற்கென்றே மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே காவல் இருக்கின்றன. சில பொருள்களை அவற்றால் விழுங்க முடியும், செரிக்க முடியாது. அந்த மாதிரி நேரத்தில் அவை கூட்டமாகச் சேர்ந்து அந்தப் பொருளைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடுகின்றன. அந்த இடத்திலிருந்து ஒரு துளி திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அழகாகவே இருக்கும். நடுவில் உருமாறிப் பருத்த மேக்ரோபேஜ்கள், இடைவெளி இல்லாமல் அடுக்கிவைத்ததுபோல் ஒட்டி நிற்கும். அவற்றில் சில ஒன்றோடொன்று கலந்து, ஒரே உறைக்குள் பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்களாகியிருக்கும். சில ராட்சத செல்களின் வயிற்றில் நட்சத்திரம்போல் ஒரு உருவம்கூடத் தெரியும். வெளியே வேலி கட்டியதுபோல் டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள். மொத்தமும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத உருண்டை. இதற்குக் கிரானுலோமா என்று பெயர்.

காசநோயிலும் கிரானுலோமா உண்டு. ஆனால் அங்கே உருண்டையின் நடுப்பகுதி செத்து நொறுங்கிப்போயிருக்கும், தேடினால் கிருமியும் அகப்படும். சார்காய்டோசிஸில் பொதுவாக நடுப்பகுதி சாவதில்லை. கிருமியும் கிடைப்பதில்லை. சுவர் கண்ணெதிரே நிற்கிறது, எதைத் தடுக்க எழுப்பினார்கள் என்பதுதான் புரிவதில்லை. காசநோய் அதிகமுள்ள இடங்களில் சார்காய்டோசிஸ் உள்ளவர்கள் பலர் முதலில் காசநோய் மருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் சரியான பெயரை வந்தடைகிறார்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் அவ்வளவு ஒத்துப்போகும்.

பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலோ, மார்புக்கு நடுவே உள்ள நிணநீர் முடிச்சுகளோ பாதிக்கப்படும். தோல், கண், இதயம், நரம்பு, கல்லீரல் என எங்கு வேண்டுமானாலும் போகலாம். பலருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானாகவே கரைந்துவிடுகிறது. சிலருக்கு அழற்சி ஓயாமல், நுரையீரல் வடுப்பட்டு இறுகுகிறது. பெயர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1877இல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் இதைத் தோல் நோயாக விவரித்தார். 1899இல் நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் பெக், அந்தத் தோல் கட்டிகள் சார்கோமா என்ற புற்றுநோயைப்போல் தோன்றினாலும் தீங்கில்லாதவை என்று கண்டு 'சார்காய்டு' என்று எழுதினார். 'சார்கோமா மாதிரி' என்பதுதான் அதன் பொருள். "இது கேன்சரா?" என்ற முதல் கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

சரி, குடும்பக் கணக்குக்கு வருவோம்.

ஸ்வீடனில் நாடு முழுவதும் நோய்ப் பதிவேடும் குடும்பப் பதிவேடும் இருப்பதால் இந்தக் கேள்வியை அங்கே நேரடியாகவே கேட்டுப் பார்க்க முடிந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், மற்றவர்களுக்கான வாய்ப்பு ஏறக்குறைய 3.7 மடங்காகிறது. "மூன்றே முக்கால் மடங்கு" என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கை மட்டும் பார்க்கக் கூடாது, எதன் மடங்கு என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் செய்த ஒரு கணக்கின்படி, வாழ்நாளில் சார்காய்டோசிஸ் வரும் வாய்ப்பு வெள்ளையருக்கு 0.85 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 2.4 சதவீதம். தோராயமாக நூற்றுக்கு ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம். அதை 3.7ஆல் பெருக்கினால் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். நோயாளிகளின் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், அவர்களில் 96 பேருக்கு வாழ்நாள் முழுக்க இது வராது. கதவருகே நின்று கேட்கிறவருக்கு முதலில் சொல்ல வேண்டிய எண் இந்த 96தான் என்று நினைக்கிறேன்.

இரட்டையரை ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு அச்சு அசலாக ஒன்று. இரு கருவிலிருந்து பிறந்தவர்கள் சாதாரண அக்கா தம்பி அளவுக்குத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். டென்மார்க்கிலும் பின்லாந்திலும் உள்ள இரட்டையர் பதிவேடுகளை அலசி 2008இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கு நோய் இருந்தால் ஒரே கரு இரட்டையரில் மற்றவருக்கான வாய்ப்பு மற்ற மக்களைவிட 80 மடங்கு, இரு கரு இரட்டையரில் 7 மடங்கு என்று தெரிந்தது. எண்பதுக்கும் ஏழுக்கும் உள்ள தூரம் சாதாரணமானதில்லை. மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதில் இதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஒரே கரு இரட்டையரில் இருவருக்கும் நோய் சேர்ந்து வந்தது சுமார் 15 சதவீதம்தான். கடைசி எழுத்துவரை ஒரே மரபணுவோடு பிறந்தும், 85 சதவீதம் பேருக்கு அந்த நோய் எட்டிப் பார்க்கவில்லை. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மரபணு நிலத்தைப் பண்படுத்தித் தருகிறது, விதை வேறெங்கிருந்தோ வந்து விழ வேண்டியிருக்கிறது.

ஆறாவது குரோமோசோமில் ஒரு தெரு

அந்த நிலம் எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் போய் நின்றார்கள். ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில், எச்எல்ஏ மரபணுக்கள் வரிசையாகக் குடியிருக்கும் பகுதி அது. மனித மரபணுக்களிலேயே ஆளுக்கு ஆள் மிக அதிகமாக வேறுபடுவது இந்த எச்எல்ஏ குடும்பம்தான். உறுப்பு மாற்று சிகிச்சையில் 'பொருத்தம் பார்க்கிறார்கள்' என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அங்கே பார்ப்பது இதைத்தான்.

எச்எல்ஏ என்ன வேலை செய்கிறது? மேக்ரோபேஜ் ஒரு பொருளை விழுங்கிச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளில் ஒன்றை எடுத்து, செல்லின் வெளிச்சுவரில், ஒரு புரதத்தின் மேலுள்ள பள்ளத்தில் பதித்து, போகிற வருகிற டி செல்களுக்குக் காட்டுகிறது. "இதைப் பார், நம்முடையதா, வெளியாளா?" என்று கேட்பதுபோல. பள்ளமுள்ள அந்தப் புரதம்தான் எச்எல்ஏ. டி செல்லுக்குத் தானாக எதுவும் தெரியாது. பள்ளத்தில் வைத்துக் காட்டினால்தான் தெரியும். உங்கள் பள்ளமும் என் பள்ளமும் ஒரே வடிவம் கிடையாது. ஆகவே ஒரே தூசி இருவர் நுரையீரலுக்குள்ளும் போனாலும், என் எச்எல்ஏவின் பள்ளத்தில் உட்காரும் துண்டு உங்களுடையதில் உட்காராமல் போகலாம். என் டி செல் கொதித்தெழும், உங்களுடையது கண்டுகொள்ளாமல் கடந்துபோகும்.

இது வெறும் கற்பனையில்லை என்று காட்டிய ஒரு கதை உண்டு. சார்காய்டோசிஸின் நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க பெரிலியம் நோயின் கதை. 1940களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சேலம் என்ற ஊரில், ஒளிரும் குழல் விளக்கு செய்யும் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூச்சுத் திணறலும் எடைக் குறைவும் வரத் தொடங்கின. திசுவை எடுத்துப் பார்த்தால் சார்காய்டோசிஸேதான். 'சேலம் சார்காய்டு' என்றுகூடப் பெயர் வந்துவிட்டது. ஹாரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர், சக மருத்துவர் டேபர்ஷாவோடு சேர்ந்து, 1946இல் அந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். விளக்கின் உட்பூச்சில் இருந்த பெரிலியம் என்ற உலோகத்தின் தூசிதான் காரணம் என்பது பிறகு உறுதியானது.

ஆனால் அதே தூசியைச் சுவாசித்த எல்லோருக்கும் நோய் வரவில்லை. ஏன்? பதில் கிடைக்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எச்எல்ஏ-டிபிபி1 என்ற மரபணு உருவாக்கும் புரதத்தில் 69ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் உள்ள வகை, நோய் வந்த தொழிலாளர்களில் 97 சதவீதம் பேரிடம் இருந்தது. அதே தூசியோடு வேலை செய்து நோய் வராதவர்களில் 30 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. புரதச் சங்கிலியில் ஒரே ஒரு மணி வேறு, அவ்வளவுதான். அப்புறம் அந்தப் புரதத்தின் உருவத்தை அணு அணுவாகப் படம் பிடித்தவர்கள் கண்டது இன்னும் வியப்பானது. குளூட்டமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம், பெரிலியம் அயனிக்கு நேர்மின்னூட்டம். இந்த வகைப் பள்ளத்தின் அடியில் பெரிலியம் போய்ப் புதைந்துகொள்கிறது. டி செல் பெரிலியத்தைத் தொடுவதே இல்லை. அடியில் புதைந்த உலோகத்தால் மேற்பரப்பு லேசாக மாறிவிட, நேற்றுவரை 'நம்முடையது' என்று ஏற்றுக்கொண்ட புரதத் துண்டே டி செல்லின் கண்ணுக்கு வெளியாளாகிவிடுகிறது. இங்கே மரபணுவும் வேண்டும், தூசியும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றதால் பெரும்பாலும் எதுவும் நடக்காது.

சார்காய்டோசிஸில் பெரிலியத்தின் இடத்தில் இருப்பது எது என்று இன்னும் பிடிபடவில்லை. ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானில் நம் தோலில் சாதாரணமாக வாழும் குட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிர்மீது சந்தேகம் அதிகம். வேறு இடங்களில் பழைய காசநோய்க் கிருமியின் எச்சம், பூஞ்சை, பூஞ்சணம் பிடித்த கட்டடங்களின் காற்று என்று பட்டியல் நீளும். நியூயார்க்கில் 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் சரிந்தபோது எழுந்த புழுதியில் வேலை செய்த தீயணைப்பு வீரர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் அந்தத் துறையில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 15 பேர் என்றிருந்த இந்த வகை நோய், கோபுரம் சரிந்த முதல் ஆண்டில் லட்சத்துக்கு 86 என்று எகிறியது. அந்த வீரர்களின் மரபணு ஓராண்டில் மாறிவிடவில்லை, அவர்கள் சுவாசித்த காற்றுதான் மாறியிருந்தது.

நல்ல சேதி சொல்லும் 'கெட்ட' மரபணு

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சார்காய்டோசிஸின் ஒரு வகைக்கு லோஃப்கிரென் சிண்ட்ரோம் என்று பெயர், அதை விரிவாக ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஸ்வென் லோஃப்கிரெனின் நினைவாக. இது பதுங்கிப் பதுங்கி வராது. திடீரென்று காய்ச்சல், செருப்புப் போட முடியாத அளவுக்குக் கணுக்கால் வீக்கம், முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள், எக்ஸ்ரேயில் இருபுறமும் வீங்கிய நிணநீர் முடிச்சுகள் என்று கதவை உடைத்துக்கொண்டு வரும். பார்த்தால் பயங்கரமாக இருக்கும்.

ஸ்வீடனில் இந்த வகை நோயாளிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் 03 வகை இருந்தது. சுருக்கமாக டிஆர்3 என்பார்கள். அப்படியென்றால் டிஆர்3 ஆபத்தான மரபணு, இல்லையா? புத்தகத்தில் அதை 'ஆபத்துக் காரணி' என்ற பட்டியலில்தான் போடுவார்கள். ஆனால் 2009இல் வெளியான, 301 லோஃப்கிரென் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வைப் பாருங்கள். டிஆர்3 இருந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் முழுதாக விலகிவிட்டது. டிஆர்3 இல்லாதவர்களிலோ, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது விலகாமல் தங்கியது. நோயை அழைத்து வருகிற அதே மரபணு, வந்த நோயை வாசல்வரை கொண்டுபோய் விடவும் செய்கிறது.

இது எப்படி? ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளின் நுரையீரலைச் சிறிது உப்பு நீரால் கழுவி, அந்த நீரில் வந்த டி செல்களை எண்ணிப் பார்த்தார்கள். டிஆர்3 உள்ளவர்களின் நுரையீரலில், ஒரே மாதிரி ஏற்பி (பள்ளத்தில் காட்டும் துண்டை அடையாளம் காணும் பகுதி) கொண்ட ஒரு வகை டி செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. அதே ஆளின் ரத்தத்தில் அவை கொஞ்சம்தான். நோய் அடங்கியதும் நுரையீரலிலும் அந்தக் கூட்டம் குறைந்தது. டிஆர்3இன் பள்ளம் ஏதோ ஒரு துண்டை மிகத் தெளிவாகக் காட்ட, குறி தவறாத டி செல் படை திரண்டு வந்து, மூட்டு வீங்கக் காய்ச்சல் அடிக்கப் பெரிய சண்டை போட்டு, வேலையை முடித்துவிட்டுக் கலைகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மெல்ல வந்து சத்தமில்லாமல் பல ஆண்டு நீடிக்கும் வகையில் அந்தத் தெளிவான சண்டை நடப்பதில்லை. ஸ்காண்டிநேவிய நோயாளிகளில் அந்த நீண்ட வகையோடு சேர்த்துக் காணப்படுவது டிஆர்பி1இன் 14, 15 வகைகள்.

பின்னர் மரபணுத் தொகுதியைப் பரவலாக அலசியபோது லோஃப்கிரென் வகைக்கும் மற்ற வகைக்கும் பொதுவான மரபணு வேறுபாடுகள் குறைவு என்றே தெரிந்தது. ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் இரண்டு மூன்று நோய்களாக இருக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 'சார்காய்டோசிஸ் மரபணு' என்று ஒன்றைத் தேடிய பழைய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதற்கு, இரண்டு நோய்களை ஒரே கூடையில் போட்டு எண்ணியதும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு எழுத்து மாறினால்

எச்எல்ஏவுக்கு வெளியே கண்டுபிடித்தவற்றில் பிடிஎன்எல்2 என்ற மரபணுவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2005இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டது. இந்த மரபணுவின் புரதம் செல்லின் சுவரில் நின்று டி செல்களை "போதும், அடங்கு" என்று தட்டி அமர்த்துகிற வகையைச் சேர்ந்தது. அதில் ஒரே ஒரு எழுத்து, ஜி என்பது ஏ என்று மாறியிருந்தால் நோய் வாய்ப்பு கூடுகிறது. அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த ஏ வந்திருந்தால் ஏறக்குறைய 1.6 மடங்கு, இருவரிடமிருந்தும் வந்திருந்தால் ஏறக்குறைய 2.75 மடங்கு.

ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும்? மரபணுவைப் படிக்கும் செல், இடையிலுள்ள வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டிப் படிக்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கு அடையாளமான இடத்தில்தான் இந்த எழுத்து மாற்றம் விழுந்திருக்கிறது. அதனால் செல் நான்கு எழுத்து முன்னாலேயே வெட்டிவிடுகிறது. நான்கு எழுத்துதானே என்று விட முடியாது, ஏனென்றால் மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் படிக்க வேண்டும். இந்த வரியைப் பாருங்கள்:

மரம் வயல் கடல் படகு மணல்

எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். 'மரம்' என்பதற்குப் பிறகு நான்கு எழுத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் மும்மூன்றாகவே படித்தால்:

மரம் டல்ப டகும ணல்

எடுத்தது நான்கு எழுத்து, கெட்டது அதற்குப் பின்னால் உள்ள மொத்த வரியும். பிடிஎன்எல்2இலும் இதேதான். வரி குழம்பி, நடுவிலேயே ஒரு முற்றுப்புள்ளி தோன்றி, புரதம் அரைகுறையாக நின்றுபோகிறது. அறுந்துபோன பகுதியில்தான் அது செல்லின் சுவரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இருந்தது. அமர்த்த வேண்டிய கை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பிடிஎன்எல்2 இருப்பது டிஆர்பி1க்கு அடுத்த வீட்டில். ஒரே தெருவில் நெருங்கி இருக்கும் மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகவே கைமாறும். ஒருவரிடம் டிஆர்3 இருந்தால் அதன் பழைய கூட்டாளிகளான எச்எல்ஏ-பி8 என்ற வகை, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் மரபணுவின் ஒரு வகை ஆகியவையும் கூடவே வந்திருக்கும். கூட்டமாக வருகிறவர்களில் குற்றம் யாருடையது என்று பிரிப்பது கஷ்டம். முதல் ஆய்வு பிடிஎன்எல்2க்குத் தனிப் பங்கு உண்டு என்றது, பிறகு வந்த சில ஆய்வுகள் வெவ்வேறு மக்களிடையே அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

2008இல், அதே போல ஜெர்மனியிலிருந்து, பத்தாவது குரோமோசோமில் உள்ள அனெக்சின் ஏ11 என்ற மரபணு பற்றிய செய்தி வந்தது. அது வேறு தெரு என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதன் புரதச் சங்கிலியின் 230ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற மணி போய் சிஸ்டைன் என்ற மணி வரும் மாற்றம் காப்பாற்றுகிறது, அது உள்ளவர்களுக்கு நோய் குறைவாக வருகிறது. செல்கள் பிரிவதிலும் தம் காலம் முடிந்ததும் மடிவதிலும் இந்தப் புரதத்துக்கு வேலை இருக்கிறது. வேலை முடிந்தும் சாகாமல் தங்கும் செல்கள்தானே கிரானுலோமாவைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று யோசித்தால் பொருத்தமாகவே படுகிறது.

இணையத்தில் தேடுகிறவர்களைப் பயமுறுத்தும் இன்னொரு பெயர் என்ஓடி2. இந்த ஒற்றை மரபணுவில் மாற்றம் இருந்தாலே, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்கும் ஒரு கிரானுலோமா நோய் உண்மையாகவே உண்டு. அதன் பெயர் பிளாவ் சிண்ட்ரோம். பெரும்பாலும் சின்னக் குழந்தைப் பருவத்திலேயே மூட்டு, கண், தோல் மூன்றையும் பிடிக்கும், நுரையீரலைப் பெரும்பாலும் விட்டுவிடும். முப்பது நாற்பது வயதில் நுரையீரலில் வருகிற சாதாரண சார்காய்டோசிஸ் இதுவல்ல. "என்ஓடி2, ஐம்பது சதவீதம்" என்று எங்கோ படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

அப்படியானால் பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

நோய் எதுவும் இல்லாத பிள்ளைக்கு வேண்டாம் என்பேன். பெரிலியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரபணு ஆதாரம் அவ்வளவு பலமாக உள்ள அந்த நோயிலேயே, நோய் வராதவர்களில் 30 சதவீதம் பேர் அதே மரபணுவைச் சுமந்துகொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள். சார்காய்டோசிஸில் ஒவ்வொரு மரபணுவின் பங்கும் அதைவிட மிகச் சிறியது. டிஆர்3 உலகில் கோடிக்கணக்கான பேரிடம் இருக்கிறது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் லோஃப்கிரென் என்ற பெயரையே கேட்காமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். பரிசோதனைத் தாளில் 'உள்ளது' என்று வந்தால் வீண் பயம், 'இல்லை' என்று வந்தால் போலி நிம்மதி. இரண்டாலும் பிள்ளைக்குப் பலனில்லை, ஏனென்றால் முன்கூட்டியே கொடுத்துத் தடுக்க ஒரு மருந்தும் கிடையாது. இன்னொன்று, இந்த மரபணுக்களில் பெரும்பாலானவை ஐரோப்பியரை வைத்துக் கண்டவை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் தேடியபோது என்ஓடிசிஎச்4 மரபணு போன்ற வேறு இடங்கள் முன்னுக்கு வந்தன. ஒரு மக்களிடம் அளந்த எண்ணை இன்னொருவர்மேல் அப்படியே ஒட்ட முடியாது.

நோய் வந்துவிட்டவர்களுக்கு நிலைமை வேறு. லோஃப்கிரென் வகை என்று தெரிந்தவருக்கு டிஆர்3 இருக்கிறதா என்று பார்ப்பதில் பயன் உண்டு. இருந்தால், ஸ்டீராய்டைத் தொடங்க அவசரப்படாமல் வலி மருந்தோடு காத்திருந்து பார்க்கும் தைரியம் மருத்துவருக்கும் கிடைக்கும், நோயாளிக்கும் கிடைக்கும். எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்வதில்லை, ஆனால் கேட்டுப் பார்க்கத் தகுந்த கேள்வி.

பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது இதைவிட எளிது. வாரக்கணக்கில் போகாத வறட்டு இருமல், படியேறும்போது புதிதாக வரும் மூச்சிரைப்பு, வலியோடு சிவந்து மங்கும் கண், காரணமில்லாத படபடப்பு அல்லது மயக்கம் என்று ஏதாவது வந்தால், டாக்டரிடம் "எங்கள் அப்பாவுக்கு சார்காய்டோசிஸ்" என்று முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பல மாதத் தேடலைக் குறைத்துவிடலாம். வேலையில் உலோகத் தூசி, பூஞ்சணம், கட்டட இடிபாட்டுப் புழுதி போன்றவற்றோடு புழங்குகிறவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தன் நோயின் பெயரை மட்டும் வீட்டில் சொல்லிவைத்தால் போதாது. எப்படித் தொடங்கியது, காய்ச்சலும் கணுக்கால் வீக்கமுமாகத் திடீரென்றா, மெல்ல மெல்லவா? எந்தெந்த உறுப்பில் இருந்தது? எத்தனை ஆண்டில் விலகியது, அல்லது விலகவில்லையா? அந்தச் சமயத்தில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார்? நாலு வரிதான். திசுப் பரிசோதனை முடிவின் நகலோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டால், இருபது வருடம் கழித்து மகள் ஒரு டாக்டர் முன்னால் உட்கார நேர்ந்தாலும் அதை எடுத்துக் காட்ட முடியும்.